மலைத்தேனீயும் என் சிறுநீரகங்களும்

பதினாறு நாள் எனக்குச் சிறுநீர் சரியாக இறங்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. என் கதை மொத்தமும் அதுதான். கட்டிலுக்கு அடியில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடி இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு நர்ஸ் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கால்மாட்டில் தொங்கிய அட்டையில் எழுதுவார். முப்பது மில்லி. இருபது மில்லி. ஒரு நாள் எண்ணே எழுதவில்லை, ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனார். நல்ல உடம்புக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போகும் என்று அவர்தான் சொன்னார். காலையில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்வேன்.

தேனீ கொட்டினால் சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்த எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கயித்த வுட்டுட்டு ஓடியிருக்கலாமே?" அதற்கு நான் அப்போது சொன்ன பதில் பாதிதான் உண்மை.

பெங்களூர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் இரும்பு கடையும் டர்னர் நான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, முதுகில் பையும் முட்டியில் சிராய்ப்புமாக நாலைந்து பேர் பட்டறைக்கு வந்தார்கள். பாறை ஏறுகிறவர்களாம். பாறை வெடிப்பில் அடிக்க ஆணி வேண்டும், தலையில் வளையம் இருக்க வேண்டும், ஆள் விழுந்தாலும் தாங்க வேண்டும் என்றார்கள். வெளிநாட்டு ஆணி ஒன்றை மாதிரிக்குக் காட்டினார்கள். முதலாளி கையை விரித்துவிட்டார். நான் மட்டும் அந்த ஆணியை இரண்டு நாள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, லாரி ஸ்பிரிங் பட்டையில் ஆறு ஆணி செய்து கொடுத்தேன். "நீ செஞ்சது எப்டி நிக்குதுன்னு நீயே வந்து பாரு" என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்து ராமநகரத்துப் பாறைகளுக்குக் கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் வீட்டில் இல்லை.

அந்தக் காலத்தில் சாமான் கிடைப்பது பெரிய பாடு. நல்ல கயிறு ஒன்றே ஒன்று, ஜெர்மனியிலிருந்து யாரோ ஒருவருடைய மாமா கொண்டு வந்தது. அதை யாரும் மிதிக்கக் கூடாது. மிதித்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பாறைக்கென்றே செய்த ஷூ மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே ஜோடி, எட்டாம் நம்பர். கால் சின்னதானால் இரண்டு சாக்ஸ் போட வேண்டும், பெரிதானால் விரலை மடக்கிக்கொள்ள வேண்டும். இடுப்புப் பட்டைகள் பழைய கார் சீட் பெல்ட்டில் தைத்தவை. என் மனைவி செல்வி ஒரு நாள் என் பட்டையைப் பார்த்துவிட்டு, "இத நம்பியா அந்தரத்துல தொங்குறீங்க?" என்று கேட்டாள். அவள் கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்ப்பவள். தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், மறுநாள் கம்பெனிக்கு எடுத்துப் போய் அவளே இன்னும் இரண்டு வரிசை போட்டுக்கொண்டு வந்தாள். போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

எங்கள் கூட்டத்தில் எல்லோரையும்விட நன்றாக ஏறுகிறவர் வீணா. டெலிபோன் ஆபீஸில் வேலை, மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர், தமிழ் தடுக்காமல் பேசுவார். நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். "நீ மேடம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் கீழ விழுந்துருப்பேன், குமாரு" என்று திட்டிவிட்டு அவரே ஒரு சட்டம் போட்டார்: பாறையில் பெயர், தரையில் என்ன வேண்டுமானாலும். அப்படியே பழகிவிட்டது.

இன்னொரு சட்டம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் கீழே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடிப்பவரின் இடுப்பில் எட்டு என்ற எண் வடிவத்தில் ஒரு இரும்பு மாட்டியிருக்கும். கயிறு அதில் நுழைந்து அவருடைய வலது கைக்கு வரும். மேலே இருப்பவரின் உயிர் அந்தக் கையில். மூக்கு அரித்தாலும் எடுக்கக் கூடாது. ஏறியவர் தரைக்கு வந்து, கயிற்றைக் கழற்றிவிட்டு, "ஆஃப் பிலே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் இறங்கிவிட்டேன், நீ கையை எடுக்கலாம் என்று அர்த்தம். பார்த்தேன், தெரிந்தது, நினைத்தேன் எதுவும் செல்லாது. சொல் காதில் விழ வேண்டும். அதைக் கேட்காமல் கையை எடுப்பவனோடு யாரும் ஏற மாட்டார்கள். இது எனக்கு எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், காய்கறிப் பையைச் செல்வியிடம் கொடுக்கும்போதுகூட அவள் "ம், புடிச்சிட்டேன்" என்று சொல்லும் வரை நான் விட மாட்டேன்.

அன்று புதிதாகச் செய்த ஆணிகள் இரண்டை எடுத்துப் போயிருந்தேன். நாங்கள் அடிக்கடி ஏறும் பாறைதான். வலது ஓரத்தில், துருத்திக்கொண்டிருக்கும் ஒரு விளிம்புக்கு அடியில் மலைத்தேனீக் கூடுகள் நாலைந்து, கறுப்பாக, முறம் அகலத்துக்குத் தொங்கும். அவை எப்போதும் இருப்பவை. நாங்கள் வம்புக்குப் போகாமல் இடது பக்கமாக ஏறுவோம். வீணா எழுபது அடி உயரத்தில் நின்றுகொண்டு கூவினார்: "இங்க ஒரு வெடிப்பு இருக்கு. கூடு கொஞ்சம் கிட்ட இருக்கு குமாரு. அடிக்கவா?" நல்ல ஆணி பாறைக்குள் இறங்க இறங்க அதன் சத்தம் மெலிந்து மேலே ஏறிக்கொண்டே போகும். என் ஆணி அப்படிப் பாடுகிறதா என்று கேட்க எனக்கு ஆசை. "தூரமாத்தான் இருக்கு, அடி" என்றேன்.

ஆணி நன்றாகத்தான் பாடியது. ஐந்தாவது அடியில் ஒரு கூட்டின் மேல் ஒரு நடுக்கம் ஓடியதைப் பார்த்தேன். அடுத்த கணம் கூட்டின் கறுப்பு அப்படியே எழும்பிக் காற்றில் இருந்தது.

"இறக்கு! இறக்கு!" என்று வீணா கத்தினார். ஆணியில் மாட்டிய கயிற்றில் அவர் உட்கார்ந்ததும் நான் விடத் தொடங்கினேன். முதல் கொட்டு மூக்கில். பிறகு காது, கழுத்து, சட்டைக்குள். எண்ண முடிகிற கொட்டுகள் சில நொடிகளில் முடிந்துவிட்டன. இமைகள் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன. கயிறு கையில் ஓடுவது மட்டும் தெரிந்தது. பிறகு கயிற்றில் பாரம் போய்விட்டது. பாதி வழியில் ஒரு திட்டு இருக்கிறது. இறங்குகிறவர்கள் அதில் கொஞ்சம் நிற்பது வழக்கம். அங்கே நிற்கிறார் என்று நினைத்தேன். "வீணா! கீழயா?" என்று கத்தினேன். பதில் இல்லை. திறந்த வாய்க்குள் இரண்டு புகுந்தன. துப்பிவிட்டு மறுபடியும் இரண்டு தடவை கத்தினேன். பதில் இல்லை. கயிற்றைப் பூட்டிவிட்டுப் போக ஒரு முடிச்சு உண்டு. அதற்கு இரண்டு கையும் பத்து விரலும் வேண்டும், என் விரல்கள் உப்பி மடங்க மறுத்தன. பயத்தில் அழுதுகொண்டு, அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவரான பிரகாஷ், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினார். நான் விடவில்லை. "வீணா மேல இருக்காங்க" என்றேன். "யாரப் புடிச்சிட்டு நிக்கற? கயித்துல யாருமே இல்லடா!" என்றார். நான் அப்படிப் பத்து நிமிஷமாவது நின்றிருப்பேன் என்று பிறகு சொன்னார்கள்.

ராமநகரத்தில் ஊசி போட்டார்கள். இரண்டு நர்ஸ்கள் உட்கார்ந்து என் முதுகிலும் தலையிலும் இருந்த கொடுக்குகளைச் சுரண்டி எடுத்தார்கள். ஐந்நூறு வரை எண்ணிவிட்டு, எண்ணுவதை நிறுத்திவிட்டு எடுப்பதை மட்டும் செய்தார்கள். அன்று மாலையே பெங்களூரில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். வலி இருந்தாலும் பிழைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் கொஞ்சம் வந்தது. அதற்கு மறுநாள் அதுவும் வரவில்லை.

சிறுநீரக டாக்டர் ஐம்பது வயது அம்மா, கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "நோடி, பாருங்க, தேனீ விஷம் உங்க சதைய உடைக்குது, ரத்த அணுவ உடைக்குது. உடைஞ்ச குப்பை எல்லாம் கிட்னியிலதான் போய் சேரும். அது சல்லடை மாதிரி. இப்போ அடைச்சிருக்கு." கிரியேட்டினின் என்றால் என்ன என்று கேட்டேன். சதை தினமும் போடும் குப்பை, அது ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்தால் சல்லடை வேலை செய்கிறதா என்று தெரியும் என்றார். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது எனக்கு ஒன்பது இருந்தது. பொட்டாசியம் என்று இன்னொன்று. அது ஏறினால் இதயம் நின்றுவிடும். வலிக்குமா என்று கேட்டேன். "தெரியவே தெரியாது" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ அன்றிலிருந்து இதயம் துடிப்பதைக் கவனிப்பதே வேலையாகிவிட்டது. ஒரு துடிப்பு கொஞ்சம் தாமதமானாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

டயாலிசிஸுக்குக் கழுத்து நரம்பில் ஒரு குழாய் சொருகினார்கள். உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் கழுவி, திரும்ப உள்ளே அனுப்புவது. நாலு மணி நேரம். மிஷினைப் பார்த்துக்கொள்பவர் பிரான்சிஸ் என்று ஒருவர். "டென்சன் ஆவாதீங்க குரு, உங்க ரத்தம்தான், சுத்திட்டு வூட்டுக்கே வரும்" என்றார். என் ரத்தம் சுருள் சுருளான குழாயில் எனக்கு வெளியே ஓடுவதைப் பார்த்தேன். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மிஷினின் பம்பு ஓடத் தொடங்கியதும் ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம் வந்தது. நான் குழாயைப் பிடுங்கப் பார்த்தேனாம். இரண்டு பேர் என் தோளை அமுக்கிப் பிடித்தார்களாம். பிரான்சிஸுக்கு விஷயம் புரிந்ததும் ஒரு சின்ன டிரான்சிஸ்டரைக் கொண்டு வந்து என் காதுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் நான் படுக்கைக்கு வருவதற்கு முன்பே டிரான்சிஸ்டர் அங்கே பாடிக்கொண்டிருக்கும்.

தாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீர் போகாதவன் தண்ணீர் குடித்தால் அது நுரையீரலில் போய்த் தேங்கும். எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர், மாத்திரைக்கும் சேர்த்து. செல்வி ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஸ்பூனால் என் உதட்டை நனைப்பாள். அவள் என் கண் எதிரில் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. வராந்தாவுக்குப் போய்க் குடித்துவிட்டு வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு வருவாள். துடைத்த தடமே எனக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கோபம் வரும், பிறகு அவளை நினைத்து அழுகை வரும்.

வந்தவர்கள் எல்லோரும் இளநீர் கொண்டு வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வேறு என்ன கொண்டு வருவது? இளநீரில் பொட்டாசியம் அதிகம். எனக்கு அது விஷம். வாழைப்பழமும் அப்படியே. செல்வி கதவருகே நின்று ஒவ்வொன்றாக வாங்கிப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிடுவாள். "எல்லாரும் கைல எமன வச்சிக்கினு வராங்க" என்று முணுமுணுப்பாள். வார்டில் எல்லோருக்கும் என் புண்ணியத்தில் தினமும் இளநீர்.

பாறைக் கூட்டத்து ஆட்கள் முறை வைத்து வந்தார்கள். ரத்தம் கொடுத்தார்கள், மருந்துச் சீட்டோடு ஓடினார்கள். ஆனால் அவர்கள் வாயைத் திறந்தால் என்னைப் புகழ்ந்தார்கள். உயிரே போனாலும் கயிற்றை விடாதவன் என்றார்கள். நானும், "விடக் கூடாது, அதான சட்டம்" என்று சொல்லிக்கொண்டேன். மீதிப் பாதியைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்குச் சட்டம் ஞாபகம் இருந்ததா என்றே தெரியாது. பயந்தவன் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்வான். என் கையில் அகப்பட்டது கயிறு. அதோடு, அடி என்று சொன்னவன் நான்தான் என்பதையும் யாரிடமும் சொல்லவில்லை.

வீணாவுக்கும் அறுபது எழுபது கொட்டு. முகம் வீங்கி மூன்று நாள் படுத்திருந்தார், நாலாம் நாளிலிருந்து தினமும் ஆபீஸ் முடிந்து வருவார். வந்ததும் அட்டையைத்தான் பார்ப்பார். "இருபத்தஞ்சா?" என்பார். "நேத்துக்கு அஞ்சு ஜாஸ்தி." ஐந்து மில்லி என்றால் ஒரு ஸ்பூன். அதற்கு நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் செல்வியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பெரும்பாலும் மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் சிறுநீரகம் விழித்துக்கொள்ளும், சிலருக்கு விழிப்பதே இல்லை, அப்படியானால் ஆயுள் முழுக்க மிஷின், இல்லையென்றால் யாராவது ஒன்று கொடுக்க வேண்டும். செல்வி இதை என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டேன். ரத்த வகை பார்க்கக் கொடுத்திருக்கிறாள். "எதுக்கு?" என்றேன். "சும்மா, எனக்கும் என்ன குரூப்புனு தெரியணும்ல" என்றாள். பிறகு தலையணை உறையை மாற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். அந்த மெலிந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு வந்த பயம் வேறு. அதுவரை நான் செத்துப்போவேனோ என்றுதான் பயந்திருந்தேன். இனி என் பொருட்டு இவளையும் அறுப்பார்கள்.

அன்று மாலை வந்த வீணா அட்டையைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செல்வி காலடியில் உட்கார்ந்து என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"குமார், அன்னிக்கு நான் இறங்குனதும் கொக்கிய கழட்டிட்டு ஓடிட்டேன். ஆஃப் பிலே சொல்லல."

"அத்த வுடுங்க மேடம். அந்த நேரத்துல யாருக்கு ஞாபகம் வரும்?"

"மறந்து போகல. நீங்க கூப்ட்டது கேட்டுச்சு. கீழயா, கீழயான்னு. மூணு தடவ. கேட்டுச்சு குமார். வாயத் தெறந்தா உள்ள பூந்துடும்னு பயம். பத்தடி நடந்து வந்து உங்க கையத் தொட்டிருந்தாக்கூடப் போதும். நான் திரும்பிக்கூடப் பாக்கல. எல்லாரும் உங்கள புகழறாங்க, என்னப் பாத்து நல்லவேளை பொழச்சேன்றாங்க. என்னால கேட்டுட்டு நிக்க முடியல."

எனக்கு அதுவரை கோபப்படக்கூடத் தெம்பில்லை என்று நினைத்திருந்தேன். எங்கிருந்தோ வந்தது. பத்து நிமிஷம். காலிக் கயிறு. ஒரே ஒரு சொல். கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினேன்.

"ஜாடில இருவது மில்லி இருக்கு மேடம். பாத்துட்டுப் போங்க."

அவர் நிஜமாகவே குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். செல்வி பாதத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு வீணா வரவில்லை. அந்த நாட்களில் நான் அவரை மனதில் ஏசிக்கொண்டே இருந்தேன். ஏசி முடித்ததும் அந்த ஆணியின் சத்தம் கேட்கும். அடி என்று சொன்ன என் குரலும் கேட்கும். அப்போது அவரை ஏசுவதை விட்டுவிட்டு இதயத் துடிப்பைக் கவனிக்கப் போய்விடுவேன்.

பதினேழாம் நாள் காலை, செருப்புச் சத்தம் வந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். நர்ஸ் ஜாடியைத் தூக்கினார். வழக்கமாக உடனே கீழே வைத்துவிடுவார். அன்று வைக்கவில்லை. "இது யாராவது தண்ணி ஊத்துனீங்களா?" என்று செல்வியைக் கேட்டார். செல்வி பயந்துபோய், "இல்ல சிஸ்டர், சத்தியமா" என்றாள். நூற்று அறுபது மில்லி. வெளிர் மஞ்சள். நர்ஸ் அதை டாக்டரிடம் காட்டக் கொண்டு போனார். நானும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சந்தோஷப்பட இருவருக்கும் பயமாக இருந்தது.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "எங்க போற?" என்றேன்.

"எதுருல பூத்துக்கு. வீணாக்காவுக்குப் போன் பண்ணணும்."

"அவங்க என்ன பண்ணாங்கன்னு கேட்டுட்டுத்தான இருந்த?"

"கேட்டேன். எனக்கும் வவுறு எரிஞ்சுது" என்றாள். "ஆனா அந்தப் பொம்பள இந்த அஞ்சு நாளும் தூங்கியிருக்காதுங்க. நூத்தி அறுவதுன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிடுறேன்."

அப்படியேதான் செய்தாள். பூத்திலிருந்து ஆபீஸுக்குப் பேசி, நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் நானூறு. அதையும் போய்ச் சொன்னாள். அடுத்த வாரம் மடை திறந்த மாதிரி நாலு லிட்டர், ஐந்து லிட்டர் என்று போனது, அதற்கும் பயந்தேன். விழித்துக்கொண்ட சிறுநீரகம் முதலில் கணக்கு வழக்கில்லாமல்தான் போகும், உப்பும் சேர்ந்து போகும், அதற்குப் பாட்டில் ஏற்றுவோம் என்று டாக்டர் சொன்னார். "டேங்க் தொறந்துடுச்சு குரு, இனிமே நம்ம மிஷின் உங்களுக்கு வேணாம்" என்று பிரான்சிஸ் டிரான்சிஸ்டரை எடுத்து வைத்துவிட்டார். செல்வி முதல் முறையாக என் எதிரில் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். நானும் குடித்தேன்.

வீணா வந்தார். கதவருகிலேயே நின்றார். வாங்க என்றேன். அவர் உட்கார்ந்ததும், "அடின்னு சொன்னது நான்தான் மேடம்" என்றேன். செல்விக்கு அது புதுச் செய்தி; என்னைப் பார்த்தாள்.

"கூடு கிட்ட இருக்குன்னு பாத்தது நான்" என்றார் வீணா. "சுத்தியல் என் கைல இருந்துச்சு."

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அட்டையைக் கையில் எடுத்து முதல் நாளிலிருந்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார். கோடு கிழித்திருந்த நாளில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

முப்பத்தொன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கிரியேட்டினின் இரண்டு, பிறகு ஒன்றரை, ஆறு மாதத்தில் ஒன்று. இனிமேல் கொட்டு வாங்கினால் உடம்பு எப்படி எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது, தேனீ இருக்கிற பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். போகாமல் இருப்பது சுலபம். லேத் ஓடும் சத்தத்தில் நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் ஒரு மாதம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை செய்தேன். இன்றைக்கும் காலையில் கழிவறையில் நிறத்தைப் பார்க்காமல் நான் வெளியே வருவதில்லை.

ஏழாவது மாதம் பிரகாஷ் வந்து கூப்பிட்டார். ராமநகரம் வேண்டாம், ஊருக்குத் தெற்கே துரஹள்ளியில் இருபதடிப் பாறைகள், கூடு எதுவும் இல்லை என்று நேற்றே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். செல்வி, "நானும் வரேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எல்லோருக்கும் தோசை கட்டிக்கொண்டு வந்தாள்.

வீணா ஏறுவதற்கு நின்றுகொண்டிருந்தார். யார் பிடிப்பது என்று யாரும் கேட்கவில்லை. அவர் கயிற்றின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். செல்வி தைத்த பட்டைதான் இடுப்பில். எட்டு இரும்பில் கயிற்றை நுழைத்தேன், வலது கையை மூடினேன். ஒரு ஈ பறந்தாலும் உடம்பு குலுங்கியது. வீணா ஏறினார். இருபதடிதான். உச்சியிலிருந்து அவரை நான் இறக்கினேன். பாரம் கையில் இருக்கும் வரை நன்றாகத்தான் இருந்தது. அவர் கால் தரையைத் தொட்டதும் கயிறு தொய்ந்தது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன், அவர் எதிரில் நிற்பது தெரிந்தது, ஆனாலும் கை இறுகிக்கொண்டே போனது.

வீணா கயிற்றைக் கழற்றினார். அங்கிருந்தே சொல்லவில்லை. நேராக என்னிடம் நடந்து வந்தார். மூடியிருந்த என் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"கீழ வந்துட்டேன் குமாரு. ஆஃப் பிலே."

விரல் பிரியவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். கையை எடுக்காமல், மெதுவாக, மூன்றாவது முறையும் சொன்னார். பின்னால் பாறைமேல் தோசைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த செல்வி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் வந்துட்டாங்களே" என்றாள். "விடுங்க."

விட்டேன்.